சடையனுக்கு வலித்த ஒன்பது நாள்

தேரிப்புதூர் சபையிலிருந்து பதினாலு பேர் ஒரு வேனில் ஏறி, விடிய விடிய உட்கார்ந்து, கருக்காம்பாறை என்கிற மலையூருக்கு ஜெபக்கூடம் கட்டப் போன அந்த மே மாதத்தில், வேலை செய்தவர்களுக்கு உடம்பு நோகவில்லை, வேலை செய்யாதவர்களுக்கு நொந்தது. நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை யார் யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான்.

வேன் கிளம்புவதற்கு முன்னால் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள் சுற்றி நின்று, போகிறவர்கள் கைகாலுக்கு ஒரு நோவும் அணுகாமல் காத்தருளும் ஆண்டவரே என்று ஜெபித்தார்கள். கன்வென்ஷனுக்குப் போகிற வேன், கல்யாணத்துக்குப் போகிற வேன், எந்த வேனானாலும் அவர்கள் சொல்கிற ஜெபம்தான் அது. அந்த வருசம் அது சொன்னபடியே கேட்கப்பட்டுவிட்டது போலிருக்கிறது. அணுகாத நோவு பின்னே எங்கே போய்த் தங்கும் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை; ஜெபத்தில் அப்படியெல்லாம் குறுக்குக் கேள்வி கேட்கிற வழக்கம் நம் பக்கத்தில் இல்லையே.

பதினாலு பேரில் சற்குணம் அண்ணாச்சிக்கு மட்டும் அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. ஐம்பத்தெட்டு வயசு, தூத்துக்குடிப் பக்கம் சொந்தமாக உப்பளம், முப்பது வருசமாக வரப்பின்மேல் குடையும் செருப்புமாக நின்று வேலை வாங்கியவர், ஒருநாள்கூடப் பாத்திக்குள் கால் வைத்தவரில்லை. முந்தின கோடையில் பாக்கியத்தாய் என்கிற உப்பு வாருகிறவள் வரப்பில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிக் காட்டி, வெடித்து வெளுத்து உப்பு ஏறிப்போன அந்தக் காலோடு ஒரு நாள் மட்டும் வீட்டில் கிடந்துகொள்கிறேன் முதலாளி என்று கேட்டாள். இன்றைக்கு வாரி முடித்துவிடு, நாளைக்குப் பார்ப்போம் என்றார் அவர். அந்த நாளைக்கு வரவே இல்லை. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். படுத்திருந்தவள் வாங்க முதலாளி என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழப் பார்த்தார், வரவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை, சாகிறதுக்குள் தன் உடம்பு ஒருதரம் வேலையில் நோக வேண்டும், நன்றாக நோக வேண்டும், அதைக் கர்த்தர் பார்க்க வேண்டும். தென்பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஞானாபரணம் ஐயரிடம் போய், எனக்குச் சமையல் மேற்பார்வை, கணக்குப் பார்க்கிறது என்று எதையும் கொடுத்துவிடாதீர்கள், கல் சுமக்கிற வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

கருக்காம்பாறையில் கல்லெல்லாம் கீழே ஓடையில் கிடக்கிறது, ஜெபக்கூடம் வரவேண்டிய மேடு மேலே இருக்கிறது, நடுவே செங்குத்தாய் ஒரு பாதை. முதல் நாள் காலையில் தலையில் சும்மாடு வைத்து முதல் கல்லைத் தூக்கி ஏற்றியதிலிருந்து பொழுது சாய்கிறவரை அண்ணாச்சி நாற்பது நடை நடந்தார். மூச்சு வாங்கவில்லை. கழுத்து கடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தார், காலுக்குக் கீழே மலை இருக்கிற மாதிரியே தெரியவில்லை. சாயங்காலம் ஓடையில் கையைக் கழுவி விரித்துப் பார்த்தால், மாப்பிள்ளை விருந்துக்கு வந்தவன் கை மாதிரி மெத்தென்று இருந்தது. மனசு விட்டுப்போய்விட்டது அவருக்கு.

மற்றவர்களுக்கு அந்த மனக்குறை இல்லை. மண்வெட்டியே பிடித்தறியாத வங்கிக்காரரும் டீச்சரம்மாவும் பொழுதெல்லாம் பாறை உடைத்துவிட்டு, அப்போதுதான் குளித்து வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சாயங்கால ஆராதனையில் ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொன்னார்கள், களைப்பில்லை, கொப்புளம் இல்லை, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். தேரிப்புதூர்க்காரர்களிடம் ஒரு குணம் உண்டு, நன்மை ஒன்று கிடைத்துவிட்டால் பதிலுக்கு ஏதாவது செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. களைப்பை எடுத்துப்போட்ட ஆண்டவருக்குக் கைம்மாறாக எட்டு மணி நேர வேலையைப் பதினாலு மணி நேரமாக்குகிறோம், கூடத்தோடு சுற்றுச்சுவரும் கட்டுகிறோம், ஓடையிலிருந்து மேடுவரை படியும் வெட்டுகிறோம் என்று பதினாலு பேரும் முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணினார்கள். கீழே ஊருக்குள் அன்றைக்கு ஒரு பதினாலு பேர் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தது மேட்டில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் பத்து மணிக்குத் தெரிந்தது. வங்கிக்காரர் சம்மட்டியை ஓங்கித் தன் கட்டைவிரல்மேலேயே போட்டுக்கொண்டார், ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பத்தடி தள்ளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த உள்ளூரில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் குடத்தைப் போட்டுவிட்டு ஐயோ அம்மா என்று கையை உதறினார். வங்கிக்காரர் நகம் வெள்ளையாய் இருந்தது, உபதேசியார் நகம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாவற்பழ நிறத்துக்கு வந்தது.

ஊர்த்தலைவர் விவரமான ஆள். பதறவில்லை. ஊரைக் கூட்டி ஒரு பக்கம் நிறுத்தினார், வந்தவர்களை இன்னொரு பக்கம் நிறுத்தினார், ரேஷன் கடை வாசல் மாதிரி வரிசை பிடிக்கச் சொல்லி வந்தவர்களை ஒவ்வொருவராகக் கையில் கிள்ளினார். டீச்சரம்மாவைக் கிள்ளினால் இந்தப் பக்கம் ஒரு கிழவன் துள்ளினான், ஐயரைக் கிள்ளினால் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஸ் என்று கையை இழுத்துக்கொண்டாள். பகல் சாப்பாட்டுக்குள் யார் நோவு யாருக்குப் போகிறது என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு ஊர் தன் பாட்டுக்கு ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. வலிக்கிறவர்கள் காட்டு வேலைக்குப் போக வேண்டாம், ஒரு உடம்பில் ரெண்டு ஆள் வேலையைத் தாங்க முடியாது. அவர்கள் சாமைக்காட்டில் மற்றவர்கள் முறை வைத்துக் களை பறிக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்கு ஊர்ச்செலவில் கூழ். வேலை என்று ஒன்று நடந்தால் நோவு எங்கேயாவது போய் உட்கார்ந்துதானே ஆக வேண்டும், வழக்கமாக நம்மிடம்தான் வரும், இப்போதும் வந்திருக்கிறது என்று தலைவர் சொன்னதில் ஒருவருக்கும் மறுபேச்சு இல்லை.

மேட்டில்தான் பேச்சு நடந்தது. நிறுத்திவிடலாமா என்று டீச்சரம்மா மெதுவாகக் கேட்டார். ஐயர் கல்நெஞ்சுக்காரர் இல்லை, கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, பத்தாம் நாள் பேராயர் பிரதிஷ்டைக்கு வருகிறார், கர்த்தருக்குச் சொன்ன பொருத்தனையைப் பாதியில் திரும்ப வாங்க முடியாது, அது அவர்களுக்கென்று எழும்புகிற ஆலயம்தானே, என்றார். அடுத்த நாள் கீழே டவுனிலிருந்து வலித் தைலமும் மாத்திரையும் ஒரு பெட்டி நிறைய வரவழைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்த் தேய்த்துவிட்டார்கள். சபைக்கு அனுப்புகிற அறிக்கையில் மருத்துவ ஊழியம் என்று ஒரு தலைப்பு கூடியது. தைலம் தேய்த்துவிட்டு வந்து அதே கையால் சம்மட்டியை எடுத்தார்கள்.

சற்குணம் அண்ணாச்சியைக் கிள்ளியபோது மட்டும் ஊரில் யாரும் துள்ளவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட. தன் நோவு எங்கேயோ தனக்குள்தான் சேர்ந்துகொண்டிருக்கிறது, ஒருநாள் மொத்தமாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டார். நாலாம் நாள் அந்த நினைப்பிலும் மண் விழுந்தது. இறங்கி வரும்போது ஊர்க்கோடிக் குடிசைக்கு எதிரே காலைக் கல்லில் இடித்துக்கொண்டார், குடிசைக்குள்ளிருந்து ஒரு ஆண்பிள்ளைக் குரல் கத்தியது, கத்திய கையோடு சிரித்தது.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் கிடந்தவன் பெயர் சடையன். தேன் எடுக்கிறவன். ஆறு வருசத்துக்கு முன்னால் தேன்பாறையிலிருந்து கயிறு அறுந்து விழுந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் போய்விட்டது. எறும்பு கடித்தாலும் தெரியாது, கொள்ளி பட்டாலும் தெரியாது. அவன் பெண்டாட்டி ராமாயி வேறு யாருமில்லை, மேட்டில் பதினாலு பேருக்கும் கஞ்சி காய்ச்சுகிறவள்தான். ஆள் கட்டிலை விட்டு நகர முடியாததால் அன்றைக்குக் கிள்ளுகிற வரிசைக்கு வரவில்லை, அவ்வளவுதான். முதல் நாளிலிருந்து கால் கடுத்தது, கெண்டைச்சதை இழுத்தது, உள்ளங்காலில் கொப்புளம் எழும்பியது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

அண்ணாச்சி அவன் காலைப் பார்த்தார். ஆறு வருசமாகத் தரையே தொடாத, குழந்தைக் காலாக வெளுத்துப்போன பாதத்தில், தான் நடந்த நடையெல்லாம் கொப்புளம் கொப்புளமாக நின்றது. இந்த முறையும் இன்னொருத்தர் காலில்தான் போய் விழுந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து, என்னை மன்னித்துக்கொள், இனிமேல் ஒரு கல்லும் தூக்க மாட்டேன் என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க சாமி," என்றான் சடையன். "இப்பத்தான் எனக்குக் காலுன்னு ஒண்ணு இருக்கு. நல்லா நடங்க."

அதற்கப்புறம் அண்ணாச்சி கல் தூக்கியது யாருக்காக என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கல்லோடு குடிசையைத் தாண்டுகிறபோதெல்லாம் உள்ளேயிருந்து சடையன் குரல் கொடுப்பான், இது நல்ல கனம், இது ஒண்ணுமில்லை, பஞ்சு மூட்டை. சாயங்காலம் ராமாயி வீடு திரும்பியதும் அன்றைக்குத் தான் எங்கெல்லாம் போனேன் என்று அவளுக்குச் சொல்வான், ஓடைக்கு நாற்பது தரம், மேட்டுக்கு நாற்பது தரம், ரெண்டாம் படியில் ஒரு முள், அது வலது குதிகாலில். ஆறு வருசமாக உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தவன் ஊரைச் சுற்றிவிட்டு வந்தவன் மாதிரி பேசினான். அண்ணாச்சிக்கு ஒரு சந்தோசம் வந்தது, வந்ததை ஏன் மறைக்க வேண்டும், முப்பது வருசத்தில் தன்னால் ஒருத்தன் சந்தோசப்பட்டு அவர் பார்த்தது அதுதான் முதல்தடவை. இதைத்தான் கர்த்தர் எனக்கு வைத்திருந்தார் என்று ஜெபத்தில் சொல்லிக்கொண்டார். நாற்பது நடை ஐம்பதாயிற்று.

ஆறாம் நாள் கஞ்சி ஊற்றும்போது ராமாயி தட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கொப்புளம் உடைந்து சீழ் வைத்துவிட்டது, முழங்கால்வரை வீங்கி மினுமினுவென்று இருக்கிறது, ராவெல்லாம் அனலாய்க் கொதிக்கிறார், கூழ் இறங்கவில்லை, கண் மட்டும் பளபளவென்று இருக்கிறது, கேட்டால் சிரிக்கிறார் என்று குரலை உயர்த்தாமல் சொன்னாள். நடக்கிறவன் கால் ஆறும், காய்க்கும். நடக்காதவன் காலில் ஆறுகிறதுக்கு ரத்தம் ஏது.

"அவருக்குக் கால் வேணும். எனக்கு ஆள் வேணும்," என்றாள். "நிறுத்திருங்க ஐயா. நான் சொன்னேன்னு அவர்கிட்டச் சொல்லாதீங்க."

அண்ணாச்சி வேதப்புத்தகத்தை எடுத்து, அதன்மேல் கை வைத்து, நாளையிலிருந்து கல் தூக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். இது பாக்கியத்தாயிடம் சொன்ன நாளைக்கு மாதிரி இல்லை, நிஜமான நாளை. ஏழாம் நாள் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார், சுவரோரமாய் நிழலில் சாய்ந்திருந்தார், ஐயர் கேட்டதற்கு வாயு என்று சொன்னார். ராமாயி அவர் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

எட்டாம் நாள் குளிக்க ஓடைக்கு இறங்கியபோது குடிசையிலிருந்து சாமி என்று கூப்பிட்டது. போகாமல் இருந்திருக்கலாம். போனார். சடையன் சண்டை பிடிக்கவில்லை, ஒரு சொல் கடிந்து பேசவில்லை. போர்வையை விலக்கி, தன் தொடையில் நகம் பதியக் கிள்ளிக் காட்டினான். ரத்தம் எட்டிப் பார்த்தது, அவன் முகத்தில் ஒன்றுமில்லை.

"நேத்துக் காலையிலே இருந்து இல்ல. யாராச்சும் நிறுத்தச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலப்பா. சும்மா, ஓய்வு."

"எனக்கு ஓய்வு ஆறு வருசம் ஆச்சு சாமி."

அண்ணாச்சி ஓடைக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அவளுக்குக் கொடுத்த வாக்கு, ஒரு பக்கம் இவன் கண். ஜெபித்துப் பார்த்தார், பதில் வரவில்லை, ஜெபத்துக்கு எல்லா நாளும் பதில் வருவதில்லை என்று அவருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் அந்த ஒன்றரை நாளில் அவரை வாட்டியது அவன் கால் மட்டுமில்லை. வெங்காயம் உரிக்கிற அண்ணாச்சியை யாருக்கும் தேவையில்லை. தன்னால் நடக்கிறான் ஒருத்தன் என்கிற அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சின்னக் கல்லாக நாலைந்து, மெதுவாக, என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒன்றைத் தூக்கினார். ராமாயியின் அடுப்புப் பக்கம் போகாமல் மேட்டைப் பின்பக்கமாகச் சுற்றி ஏறினார். குடிசையிலிருந்து சடையன் ஓ என்று கத்தியது ஓடை எல்லாம் கேட்டது. சாயங்காலத்துக்குள் நாலைந்து என்பது இருபதாயிற்று. அன்றைக்கு ராமாயி கேட்டதற்குக் கால் செத்துத்தான் கிடக்கிறது, உன் தைலத்தை நீயே வைத்துக்கொள் என்று சடையனும் பொய் சொன்னான். ரெண்டு ஆண்பிள்ளைகளும் பேசி வைத்துக்கொள்ளாமலே சேர்ந்துகொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் சுவர் முடிந்து, கூரை ஏறி, வாசப்படிக்கல் ஒன்றுதான் பாக்கி. ஓடையில் கொத்தி வைத்திருந்த அந்தக் கல் நாலு ஆள் கல். படி வெட்டுகிற வேலையில் ஆளெல்லாம் சிக்கியிருக்க, மறுநாள் காலை பேராயர் கால் வைக்க வாசப்படி வேண்டுமே என்று ஐயர் கையைப் பிசைந்தார். அண்ணாச்சி ஒற்றை ஆளாய்த் தூக்குவார் என்று வங்கிக்காரர் சொன்னார். அதில் பொய்யும் இல்லை, நோவு தெரியாதவன் எதைத்தான் தூக்க மாட்டான். அண்ணாச்சி நேராகக் கல்லிடம் போகவில்லை, குடிசைக்குப் போனார். உள்ளே புண் நாற்றம் அடித்தது. சடையனின் உதடு வெடித்திருந்தது, மூச்சு மேலும் கீழுமாய் இழுத்தது, வீக்கம் இடுப்புக்கு ஏறியிருந்தது. இது எங்கே போய் முடியும் என்று தெரியாதவர் இல்லை அண்ணாச்சி. தெரிந்துதான் வாய் திறந்தார், வாசப்படிக்கல் இருக்கிறது, நாலு ஆள் கனம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார்.

"மேட்டுக்குத்தானே," என்றான் சடையன். "தூக்குங்க. என்னையும் கூட்டிட்டுப் போங்க. நேர்ப்பாதையிலே போங்க, அவ என்ன பண்றான்னு பாக்கணும்."

கண் பார்க்காது, கால் மட்டும்தான் போகும் என்று ரெண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் அண்ணாச்சி சரி என்றார்.

முதுகில் கல்லை ஏற்றிக் கயிறு போட்டு நெற்றியோடு கட்டிக்கொண்டு அவர் ஏறினார், புதுசாய் வெட்டிய படிகளில் ஒவ்வொன்றாய், இடது கால், வலது கால், இடது கால், வலது கால், முதுகில் கல் இருக்கிற நினைப்பே இல்லாமல், வெயிலில் சாமைக்காடும் ஓடையும் கீழே கீழே போக, கீழே குடிசையிலிருந்து முனகல் முதலில் கேட்டது, பிறகு தூரத்தில் கேட்டது, பிறகு கேட்கவில்லை, கேட்காதது தூரத்தினால்தான் என்று நினைத்துக்கொண்டு ஏறினார். பாதி ஏறியிருப்பார். அத்திமரத்து வளைவில் வலது காலைத் தூக்கி வைத்தபோது வலித்தது.

முதலில் குதிகால், பிறகு கெண்டை, பிறகு முழங்கால், பிறகு ஒன்பது நாள் சுமந்த அத்தனை கல்லும் ஒரே நேரத்தில் முதுகிலும் கழுத்திலும் வந்து உட்கார்ந்தது. உள்ளங்காலில் கொப்புளங்கள் எழும்பி எழும்பி உடைந்தன. படியில் ரத்தம் பதிந்தது. எந்த நோவுக்காக அவர் ஊரைவிட்டு வந்தாரோ அந்த நோவு வந்துவிட்டது, அது ஏன் வந்தது, அதைத் தாங்கிக்கொண்டிருந்தவன் என்ன ஆனான் என்று அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கர்த்தாவே, இதைத் திரும்ப எடுத்துக்கொண்டுபோய் அவனுக்கே கொடும் என்று கெஞ்சினார். ஒரு மனுசன் இப்படியும் ஜெபிப்பானா, ஜெபித்தார். மரத்தடியிலேயே நெற்றிக்கயிறு நழுவிக் கல் படியில் உருண்டு, பக்கத்துப் புதரில் போய் விழுந்தது. அவர் கையை ஊன்றி ஊன்றி மீதிப் படியை ஏறினார், ஏறாமல் எப்படி, அவள் மேலேதானே இருக்கிறாள்.

மேட்டில் எல்லோரும் ஓடி வந்தார்கள். அந்தப் பதினாலு பேரில் ஒருவர் நொண்டி அந்த ஒன்பது நாளில் யாரும் பார்த்ததில்லை. அண்ணாச்சி என்ன ஆச்சு என்று ஐயர் தோளைத் தாங்கினார், டீச்சரம்மா தைலப் பெட்டிக்கு ஓடினார். அடுப்படியிலிருந்து ராமாயி நிமிர்ந்து பார்த்தாள். அவர் கால் வைக்கிற விதத்தைப் பார்த்தாள், மண்ணில் சிவப்பாய்ப் பதிகிறதைப் பார்த்தாள். கரண்டியைப் பானைமேல் குறுக்கே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"வலிக்குதாய்யா?"

"வலிக்குதும்மா," என்றார் அண்ணாச்சி. அழுகை வந்துவிட்டது அவருக்கு. பாக்கியத்தாய்க்கு வராதது, முப்பது வருசம் வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது, ஐயர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கேவினார். அவள் அழவில்லை. அவர் கேவி முடிகிறவரை நின்றாள். வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.

"எதுவரைக்கும் வந்தாரு?"

"அத்திமரத்து வளைவு வரைக்கும்."

ராமாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஊரை நோக்கி ஓடவில்லை, ஓடி என்ன ஆகப்போகிறது, நடந்துதான் போனாள். அண்ணாச்சி ஐயர் கையை உதறிவிட்டு, ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னாலேயே இறங்கினார். அத்திமரத்து வளைவு வந்ததும் அவள் நின்றாள், படியைப் பார்த்தாள். ரத்தம் பதிந்த அந்தப் படியை மிதிக்காமல் தாண்டிக் கீழே போனாள்.